இது உங்கள் நாற்காலி

பஸ் ஸ்டாப்புல எறங்கி யாருகிட்ட வழி கேட்டீங்க? டீக்கடையிலயா? என்ன பேரு சொன்னாங்க? சும்மா சொல்லுங்க, எனக்குக் கோவம் வராது. கோவப்படற காலமெல்லாம் போயிருச்சுங்க. "சேர்கழுவி ஊடா? வேப்பமரத்துச் சந்துல திரும்பிப் போங்க"ன்னுதானே சொன்னாங்க? தெரியும். புதுசா போஸ்ட்மேன் வந்தா அவருக்கும் அப்படித்தான் சொல்லிக் குடுக்கறாங்க. சென்னியப்பன்னு எங்கப்பன் வெச்ச பேரு ஆதார் கார்டுல மட்டும்தான் இருக்குது.

உக்காருங்க. அந்தச் சேர்லயே உக்காருங்க. சித்த ஆடும், பயப்பட வேண்டாம், ஒரு காலுக்கு அடியில கல்லு வெச்சிருக்கறேன். நான் இந்தப் படியிலயே உக்காந்துக்கறனுங்க. உள்ள கூப்பிட்டிருப்பேன், உள்ள ஃபேன் ஓடலை, புழுங்கும். இங்கன்னா காத்து வருது.

காலேஜ்ல வாத்தியாருன்னு போன்ல சொன்னீங்க. இந்தப் பக்கம் ஆரம்பிச்சு அழிஞ்சு போன கட்சிகளைப் பத்திப் புத்தகம் எழுதறீங்க. நல்ல காரியம். எங்க கட்சியைப் பத்தியும் நாலு பக்கம் வருமுன்னு சொன்னீங்க. நாலு பக்கத்துல நீங்க என்ன வேணா எழுதிக்கங்க. எனக்கு ஒரே ஒரு வரிதான் வேணும். நான் அந்தச் சேரைக் கழுவுனது தூசிக்காக. அவ்வளவுதான். அந்த வரி அச்சுல வந்துட்டா என்ற பேரன் பள்ளிக்கூடத்துக்குத் தலை நிமிந்து போவான். அவனையும் "சேர்கழுவி பேரா"ன்னுதான் கூப்பிடறாங்க. அவன் பொறக்கறதுக்கு எத்தனையோ வருசத்துக்கு முன்னால நடந்த சமாச்சாரமுங்க இது.

நீங்க எந்த ஊருன்னு சொன்னீங்க? ஓ, அந்த ஊரா. எனக்கு நல்லாத் தெரியும். அதுல எந்தப் பக்கம்? கோயில் பக்கமா, தள்ளி அக்கட்டால இருக்கற பக்கமா? சரி சரி, விடுங்க. சும்மா கேட்டேன்.

ஆதியில இருந்து சொல்றேன். எண்பதுல ஒரே உத்தரவு போட்டு வரி வசூல் பண்ற மணியம், கணக்கு எழுதற கர்ணம்னு கிராமத்துப் பரம்பரை வேலை எல்லாத்தையும் எடுத்துட்டாங்க இல்லீங்களா, அங்கதான் எங்க கட்சியே பொறந்துச்சு. பரம்பரை பரம்பரையா மணியம் பாத்த குடும்பங்க. ஒரு நாள் காலையில எந்திரிச்சா மணியகாரர் இல்லை, வெறும் ஆளு. தாலுக்கா ஆபீஸ்ல இருந்து வந்து கணக்குப் பொஸ்தகத்தையெல்லாம் கட்டித் தூக்கிட்டுப் போனாங்க. எங்க நாச்சிமுத்து மணியகாரர் ஒரு வார்த்தை பேசலை. சாவடியில அவரு உக்கார்ற தேக்குச் சேரையும் ஒருத்தன் தூக்கப் போனான். அப்பத்தான் வாயைத் தெறந்தாரு. "அது சர்க்காரு சேர் இல்லப்பா, எங்கப்பாரு செஞ்சது." அதை வெச்சுட்டுப் போயிட்டாங்க.

நான் அவருக்குப் பங்காளி வகையறா. பங்காளின்னா தோட்டம் தொரவு உள்ள பங்காளி இல்லை. அவரு போற எடத்துக்குக் கூடப் போறது, ஆளுகளைக் கூப்பிட்டு விடறது, அந்த மாதிரி. என்னைக் கண்டா அவருக்குப் பிரியமுங்க. மேடையில எனக்குச் சேர் கெடையாது, ஆனா மேடைக்குப் பக்கத்துல நிக்கறதுக்கு எடம் உண்டு. அதெல்லாம் எல்லாருக்கும் கெடைக்காது.

மணியம் போனவங்க, பரம்பரை தர்மகர்த்தா வேலை போனவங்க, நில உச்சவரம்புல பூமி போயிருமோன்னு பயந்தவங்க எல்லாரும் எங்க மணியகாரர் ரைஸ் மில்லுல கூடிக் கட்சி ஆரம்பிச்சாங்க. மரபு காப்பாத்தோணும்னு ஒருத்தரு. முன்னேத்தமுன்னு ஒரு வார்த்தை இல்லாம கட்சிப் பேரு வெச்சா யாரும் சீந்த மாட்டாங்கன்னு இன்னொருத்தரு. கடைசியில ரெண்டையும் சேத்து நொய்யல் மரபு முன்னேற்றக் கட்சின்னு வெச்சாங்க. முன்னால போறதா பின்னால போறதான்னு அப்பவே ஒரு கிண்டல் கெளம்புச்சு. மணியகாரர் தலைவரு. நான் செயலாளரு. ஏன் என்னையச் செயலாளராப் போட்டாங்கன்னா, மத்தவங்க யாரும் இன்னொருத்தருக்குக் கீழ செயலாளரா இருக்க ஒத்துக்கலை.

அடுத்த தேர்தல்ல மணியகாரர் நின்னாரு. சின்னம் நாற்காலி. நாங்க தராசு கேட்டோம், கெடைக்கலை. நாற்காலின்னதும் மணியகாரர் மொகத்துல ஒரு வெளிச்சம் வந்துச்சு பாருங்க. "சாவடிச் சேரையே எடுத்துக்கலாம்"னாரு. அந்தத் தேக்குச் சேருக்கு மெருகு போட்டு, சாஞ்சுக்கற பலகைக்குப் பின்னால பெயிண்டர வெச்சு எழுதுனோம். இது உங்கள் நாற்காலி. அதுல ஒரு தகராறு. 'நமது நாற்காலி'ன்னு எழுதோணும்னு எங்க கட்சி வக்கீல் சொன்னாரு. 'நமது'ன்னா எல்லாரும் ஒண்ணா உக்கார்ற மாதிரி இருக்குதேன்னு பல பேருக்குப் புடிக்கலை. 'உங்கள்'னு போடலாம், மரியாதையாவும் இருக்கும், நம்மளைச் சேத்தாத மாதிரியும் இருக்கும்னு மணியகாரர்தான் முடிச்சு வெச்சாரு. வக்கீல் விடலை, எவனாச்சும் இதை நெசமுன்னு எடுத்துக்கிட்டா என்ன பண்றதுன்னு கேட்டாரு. மணியகாரர் சிரிச்சாரு. "கல்யாணத்துக்கு வந்தவங்ககிட்ட உங்க ஊடு மாதிரி நெனச்சுக்கங்கன்னு சொல்றோம். யாராச்சும் பீரோவத் தெறக்கறாங்களா?"

அவரு பேச்சே அப்படித்தான். எடுத்தெறிஞ்ச மாதிரி இருக்கும், ஆனா சரியா இருக்கும்.

ஓட்டுக் கேக்கறதுன்னா எங்க ஆளுகளுக்கு ஒரே சங்கடம். குடுத்துப் பழகுன கையி, நீட்டுமுங்களா? ஊருக்குள்ள போய் நிப்பாங்க, கும்பிடுவாங்க, காப்பி குடிச்சுட்டு வந்துருவாங்க, ஓட்டுப் போடுங்கன்னு மட்டும் வாயில வராது. காலனிக்குள்ள போகவே மாட்டாங்க. நம்ம தோட்டத்துல வேலை செய்யறவங்க ஓட்டு நம்ம ஓட்டுத்தானே, அதுக்குன்னு தனியாப் போய்க் கேக்கோணுமான்னாங்க. நாந்தான் மணியகாரர்கிட்டச் சொன்னேன், காலனியில ஓட்டு நெறையா இருக்குதுங்க, மத்த கட்சிக்காரங்க நடையா நடக்கறாங்க, நாமளும் ஒரு நடை போயிட்டு வந்துரலாமுங்கன்னு. அவரு நெம்ப நேரம் யோசிச்சாரு. யோசிச்சுட்டு, "நான் எதுக்கு? சேர் போகட்டும்"னாரு.

நீங்க சிரிக்கறீங்க. அப்ப யாரும் சிரிக்கலீங்க. சேர்தான் சின்னம், சேர்தான் மணியகாரர், அதைப் பாத்தா போதாதா? எனக்கு அது நியாயமாத்தான் பட்டுச்சு. இப்பவும் படுது.

அதனால சேரை ஜீப்புல வெச்சு நான் காலனி காலனியாக் கொண்டு போனேன். எப்படிக் கொண்டு போனேன்னு கேளுங்க. கீழ வைக்கல் பரப்பி, மேல வெள்ளைத் துணி போத்தி, அதுக்கு மேல சாக்கு. ஜீப்பு டார்ப்பாயையும் எறக்கி விட்டுருவேன். மெருகு போட்ட சேர் பாருங்க, ஒரு பொட்டு அழுக்கு அண்ட விட மாட்டேன். ஊரு வந்ததும் துணியை எடுத்துட்டு, நானும் டிரைவரும் எறக்கிக் காலனி நடுவுல வெப்போம். மைக்குல நான் பேசுவேன். மணியகாரர் உங்களை மறக்க மாட்டாரு, அவரு உப்பைத் தின்னவங்க நீங்க, இப்படியெல்லாம். கேட்டுக்குவாங்க. திரும்பச் சேரைத் தூக்கி வெச்சு மூடிக்கிட்டு அடுத்த ஊருக்குப் போவோம். ஒரு எடத்துலயும் ஒரு வம்பும் வந்ததில்லை.

அன்னைக்குத்தான் எங்க ஊருக் காலனி. முந்தின நாளு நல்ல மழை. ஊரே கழுவி விட்ட மாதிரி பளிச்சுன்னு இருந்துச்சு. சேரை எறக்கி வெச்சுட்டு நான் பேசிக்கிட்டு இருக்கறேன். பழனாள்னு ஒருத்தி, மணியகாரர் தோட்டத்துல ரெண்டு தலைமொறையா வேலை செய்யறவ. வயசானவ, மூட்டு வலி, நிக்க முடியாம செவுத்தப் புடிச்சுக்கிட்டு நின்னா. பேசி முடிச்சதும் கேட்டா, "ஏனுங்க சாமி, அதுக்குப் பின்னால என்னமோ எழுதியிருக்குதுங்களே, என்னுங்க அது?"

படிக்கத் தெரியாத பொம்பளை கேக்கறா. படிச்சுச் சொல்றதுல என்ன தப்பு? சொன்னேன். "இது உங்கள் நாற்காலி."

"எங்களுதுங்களா?"

"ஆமா, அப்படித்தான் எழுதியிருக்குது."

மெதுவா நடந்து வந்தா. வந்து சேலையை ஒதுக்கிக்கிட்டு உக்காந்துட்டா.

எனக்குக் கையும் ஓடலை காலும் ஓடலை. டிரைவரு என்னையப் பாக்கறான், நான் டிரைவரைப் பாக்கறேன். எந்திரின்னு சொல்லலாமுன்னு வாய் வரைக்கும் வந்துருச்சு. சொன்னா எழுதியிருக்கறது பொய்யின்னு ஆயிருமே? அதுவும் மைக்கு ஆன்ல இருக்குது. அவ ரெண்டு கையையும் கைப்புடி மேல வெச்சுக்கிட்டா. நல்லாச் சாஞ்சு உக்காந்தா. "நல்லாத்தானுங்க இருக்குது"ன்னா. அது மைக்குல கேட்டு ஊரு வரைக்கும் போச்சு. சித்த நேரம் கழிச்சு அவளே எந்திரிச்சு, சேரைக் கையெடுத்துக் கும்பிட்டுட்டுப் போயிட்டா.

இதுல என்மேல என்னுங்க தப்பு? அவ உக்காந்தா, நான் உக்கார விட்டேன். அதை யாரும் சொல்றதில்லை பாருங்க. இந்தத் தொகுதியில அதுக்கு முன்னால எவனாச்சும் உக்கார விட்டிருப்பானா?

அடுத்த ஊர்ல பொழுது சாயக் கூட்டம். மணியகாரர் அந்தச் சேர்ல உக்காந்து பேசறதா ஏற்பாடு. போற வழியில வாய்க்கா. டிரைவரு ஜீப்பை ஓரமா நிறுத்துனான். நான் ஒண்ணும் சொல்லலை, அவனா நிறுத்துனான். சேரை எறக்கித் தண்ணிக்குள்ள வெச்சுத் தேச்சுக் கழுவுனேன். தூசிக்கு. பெரிய மனுசன் வெள்ளை வேட்டியோட உக்கார்ற சேரு, தூசியோட போட முடியுமா?

என்னுங்க? மழையா? ஆமா, முந்தின நாளு மழைன்னு சொன்னேன். மழை பேஞ்சா தூசி இருக்காதாங்க? சேறு இருக்கும். சேறு காஞ்சா என்ன? தூசிதானே? டார்ப்பாய் போட்டிருந்தாலும் இண்டு இடுக்குல பூந்துருமுங்க. நீங்க டவுன்ல இருக்கறீங்க, உங்களுக்கு இந்தத் தூசியப் பத்தித் தெரியாது.

எங்க கிரகம், அக்கரையில நடவு நடந்துக்கிட்டு இருந்துச்சு. எங்க ஊருக் காலனிப் பொம்பளைங்கதான். குனிஞ்சு நட்டுக்கிட்டு இருந்தவங்க நிமுந்து பாத்தாங்க. யாரும் ஒண்ணும் கேக்கலை. பாத்துட்டு மறுக்காவும் குனிஞ்சு நட ஆரம்பிச்சுட்டாங்க. நானும் சரி, அவங்க ஒண்ணும் தப்பா நெனச்சுக்கலைன்னு வந்துட்டேன்.

காப்பி வந்துருச்சு, எடுத்துக்கங்க. பேப்பர் கப்புல குடுத்துட்டாளா மருமக? தப்பா நெனச்சுக்காதீங்க. பாத்திரம் வெளக்கற பொம்பளை இன்னைக்கு வரலை. உங்கப்பா என்ன தொழில்ல இருந்தாரு? ம்ம். பேரென்ன? சரி, சரி. காப்பி ஆறிரும், குடியுங்க.

கூட்டத்துக்கு வந்தோமா. சேரை மேடையில போட்டாச்சு. மணியகாரர் வந்தாரு. உக்கார்றதுக்கு முன்னால சேரைத் தொட்டுப் பாத்தாரு. "ஏப்பா சென்னியப்பா, ஈரமா இருக்குது?"ன்னாரு. "கழுவுனனுங்க"ன்னேன். அதுக்குள்ள அவருக்கு யாரோ காலனிச் சமாச்சாரத்தைச் சொல்லிட்டாங்க போல. என்னை ஒரு பார்வை பாத்தாரு. "நல்லது"ன்னு சொல்லிட்டுத் துண்டை விரிச்சுப் போட்டு உக்காந்தாரு.

நல்லது. அந்த ஒரு வார்த்தையை எழுதிக்கங்க. அவரு வாயில இருந்து வந்தது. மேடைக்குப் பக்கத்துல நின்னு என்ற காதால கேட்டேன். அன்னைக்குப் பூரா எனக்குப் பசியே எடுக்கலை, அவ்வளவு சந்தோசம்.

தேர்தல் வந்துச்சு, டெபாசிட் போச்சு. காலனி ஓட்டு ஒண்ணு கூட விழுகலை. சுத்துப்பட்டு எல்லாக் காலனியிலயும் அப்படித்தான். நட்டுக்கிட்டு இருந்த பொம்பளைங்க சத்தமில்லாம எத்தனை ஊருக்குச் சொல்லியிருக்கறாங்க பாருங்க. தோட்டத்து ஆளுக எப்பவும் போல வேலைக்கு வந்தாங்க, எப்பவும் போலச் சாமின்னாங்க, ஓட்டை மட்டும் வேற கட்சிக்குப் போட்டுட்டாங்க. எங்க மணியகாரருக்கு அதுதான் தாங்கலை. தோத்தது கூடப் பரவாயில்லை, ஒருத்தன் கூட மொகத்துல காட்டிக்கலையேப்பான்னு சொல்லிச் சொல்லி மாஞ்சு போயிட்டாரு.

ரைஸ் மில்லுல கூட்டம் போட்டாங்க. பேப்பர்காரங்களையும் கூப்பிட்டிருந்தாங்க. மணியகாரர் எந்திரிச்சு, நாற்காலியைக் கழுவுனது சென்னியப்பன் தன்னிச்சையாச் செஞ்ச காரியம், கட்சிக்கும் அதுக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை, அவரைக் கட்சியில இருந்து நீக்கறோம்னு படிச்சாரு. எழுதி வெச்சுக்கிட்டுப் படிச்சாரு. என்னையப் பாக்காமப் படிச்சாரு. 'அவரை'ன்னு படிச்சாரு பாருங்க. அத்தனை வருசத்துல எனக்கு அவரு 'அவரு' போட்டது அன்னைக்கு ஒரு நாளுதான்.

நான் எந்திரிச்சு, நீங்க நல்லதுன்னு சொன்னீங்களேன்னு கேட்டிருக்கலாம். கேக்கலை. பெரியவரைச் சபையில வெச்சுக் கேக்கற பழக்கம் நம்மகிட்ட இல்லீங்க. அதுதானே நம்ம கட்சி.

என்னைய நீக்கியும் கட்சி நிக்கலை. தலைவரு பக்கத்துல யாரு உக்கார்றதுன்னு ஒரு சண்டை, கொடியை எந்த ஊட்டு வாசல்ல ஏத்தறதுன்னு ஒரு சண்டை. வக்கீல் மொதல்ல போனாரு. அப்பறம் மணியகாரர் பையனே பெரிய கட்சியில சேந்துட்டான். இப்ப அவன் காலனியில போய்ச் சம்மணம் போட்டு உக்காந்து சாப்பிட்டுப் போட்டோ எடுத்துப் போடறான். அவனை யாரும் ஒண்ணும் சொல்றதில்லை. மணியகாரர் சாகற வரைக்கும் என்கூடப் பேசலை. எழவுக்குப் போனேன், கடைசியில நின்னு பாத்துட்டு வந்தேன். பேப்பர்ல ஒருத்தன் எழுதுனான், "நாற்காலியைக் கழுவினார்கள், மக்கள் கட்சியையே கழுவிவிட்டார்கள்"னு. அது ஒட்டிக்கிச்சு. கட்சிப் பேரு யாருக்கும் ஞாபகமில்லை. தலைவரு பேரு ஞாபகமில்லை. என்ற பேரு மட்டும் நிக்குது, அதுவும் என்ற பேரு இல்லை.

சலிச்சுப் போச்சுங்க. இத்தனை வருசமா ஒவ்வொருத்தன்கிட்டயும் தூசி தூசின்னு சொல்லிச் சொல்லி வாயே தேஞ்சு போச்சு.

பழனாளே தப்பா எடுத்துக்கலை, அது தெரியுமுங்களா? பின்னால ஒரு நாள் ரேஷன் கடையில பாத்தேன். அவளாத்தான் கேட்டா, "சேரைக் கழுவுனீங்களாமே சாமி?" நான் தூசின்னு சொன்னேன். "அப்படிங்களா. எங்கிட்டச் சொல்லியிருந்தா நானே கழுவித் தந்திருப்பனுங்களே. சாவடியில அந்தச் சேரைத் தெனமும் தொடைச்சு வெச்சது நாந்தானுங்களே"ன்னா. கோவமே இல்லாமச் சொன்னா. சொல்லிட்டு அரிசியை வாங்கிட்டுப் போயிட்டா. பாத்தீங்களா, உக்காந்தவளுக்கே ஒரு வருத்தமும் இல்லை. மத்தவங்களுக்கு என்ன வந்துச்சு? இதையும் சேத்து எழுதுங்க. எனக்கு இது நல்ல சாட்சி.

கெளம்பறீங்களா? சரிங்க, பஸ்ஸுக்கு நேரமாச்சு. அந்தச் சேர் என்னாச்சுன்னு நீங்க கேக்கவே இல்லையே. புத்தகம் எழுதறவரு, அதையல்லவா மொதல்ல கேக்கோணும். கட்சி கலைஞ்சதும் மணியகாரர் ஊட்ல அதை உள்ள சேத்த மாட்டேன்னுட்டாங்க. ராசியில்லாத சேருன்னு மில்லுக்குப் பின்னால போட்டு வெச்சிருந்தாங்க. நான் கேட்டு வாங்கியாந்தேன். பச்சைப் பெயிண்டு அடிச்சு வெளியில போட்டிருக்கறேன். பெயிண்டு உரிஞ்சு வருது. திரும்பிப் பாருங்க, உங்க முதுகுக்குப் பின்னாலதான். 'உங்கள்'ங்கறது மட்டும் நல்லாத் தெரியும்.

ஆமாங்க, அதேதான். ஏன் பதறி எந்திரிக்கறீங்க? நல்ல தேக்கு, ஒண்ணும் ஆகாது. நான் இன்னி வரைக்கும் அதுல உக்காந்ததில்லை. மணியகாரர் உக்காந்த சேர், நம்ம தகுதி நமக்குத் தெரிய வேண்டாமா? வர்றவங்க யாரு என்னன்னு தெரியாதப்ப அதைப் போட்டுருவேன். உள்ளயும் கூப்பிட வேண்டியதில்லை, அவங்களுக்கும் மரியாதையா இருக்கும்.

வேண்டாம் வேண்டாம், சேரைத் தொடாதீங்க, நீங்க எடுத்து ஓரமா வெக்க வேண்டாம். அங்கயே இருக்கட்டும். நீங்க போனதும் ஒரு கொடம் தண்ணி ஊத்தி நானே எடுத்து வெச்சுக்கறேன். தூசிதானுங்க. மறக்காம அந்த ஒரு வரியை மட்டும் எழுதிருங்க.